அந்தி வெள்ளி

வெள்ளிக்கோள் தன் நிலை திரிந்து தென்திசை சாயுமாயின் மழை பொய்க்கும் என்பது சங்கச் சான்றோர் கண்ட நிமித்தம். பட்டினப்பாலையிலும் புறநானூற்றிலும் இந்நம்பிக்கை பயின்று வருதலைத் தமிழ் பயில்வோர் அறிவர். அதே வெள்ளியை மாலையில் மேற்கு வானிற் கண்டு, இனி இருள் வரும் என்பதற்கு அடையாளமாகக் கொண்டு, விலையேற்றம் ஓய்ந்து வீழ்ச்சி தொடங்குவதைக் காட்டும் ஒரு குறிக்குப் பெயராக இட்டனர் ஜப்பானிய வணிகர். அவர்கள் இட்ட பெயர் அந்தி விண்மீன் என்று பொருள்படும். யாம் அதனை அந்தி வெள்ளி என்றே வழங்குவோம். தமிழில் அதுவே இயல்பாக அமைகின்றது.

தமிழ்த்துறை மலரில் பங்குச் சந்தைக்கு என்ன வேலை என முகஞ்சுளிப்பாரும் உளராகலாம். சென்ற பருவத்தில் செய்யுள் வகுப்பு முடிந்து வெளிவந்த எம்மை மாணவர் ஒருவர் நிறுத்தினார். கைப்பேசித் திரையைக் காட்டி, "ஐயா, கடைசி மூன்று வர்த்தியைப் பாருங்கள். இனி இறங்குமா?" என்று வினவினார். எமக்கு இத்துறையில் பழக்கம் உண்டென்று யாரோ அவரிடம் கூறியிருக்கின்றனர். போட்டிருக்கும் பணம் யாருடையது என்று கேட்டோம். வெளிநாட்டில் உழைக்கும் தந்தையார் வீட்டுச் செலவிற்கு அனுப்பியதில் ஒரு பகுதி என்றார். அடுத்த வகுப்பிற்கு மணி அடித்துவிட்டதாகக் கூறி நழுவினோம். அன்று கூறாது விட்டதை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் வர்த்தியின் இலக்கணம் அறிதல் வேண்டும். ஒரு நாளில் ஒரு பங்கின் வணிகம் எவ்விலையில் தொடங்கிற்று, எதுவரை உயர்ந்தது, எதுவரை தாழ்ந்தது, எவ்விலையில் முடிந்தது என்னும் நான்கு எண்களே இதற்கு வேண்டுவன. தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடைப்பட்டதைச் சிறு பெட்டியாக வரைந்தால் அது வர்த்தியின் உடல். உடலுக்கு மேலும் கீழும் அந்நாளின் உச்சியையும் அடியையும் தொடுமாறு இழுக்கும் மெல்லிய கோடுகளை நிழல் என்பர். ஏறி முடிந்த நாளின் உடல் வெண்மை. இறங்கி முடிந்த நாளின் உடல் கருமை. இன்று கைப்பேசித் திரையில் அவை பச்சையும் சிவப்புமாகிவிட்டன. திங்கட்கிழமைத் தொடக்கத்தையும் வெள்ளிக்கிழமை முடிவையும் கொண்டு வாரத்திற்கு ஒரு வர்த்தியும் வரையலாம்.

இம்முறை பிறந்த இடம் அரிசிச் சந்தை. ஒசாக்கா நகரத்துத் தோஜிமா அரிசிச் சந்தை 1730ஆம் ஆண்டு அரசின் ஒப்புதல் பெற்றது. பின்னாளில் கைம்மாற வேண்டிய அரிசிக்கு முன்னரே விலை பேசும் வணிகம் அங்கு நடந்தது. சக்காத்தா என்னும் ஊரினரான ஹொம்மா முனேஹிசா (1724-1803) என்ற பெருவணிகர் பெயரோடு இவ்வரைமுறையை இணைத்துப் பேசுவது மரபு. ஆயினும் வர்த்தி வடிவம் அவர் காலத்திற்குப் பின்னர், மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் உருப்பெற்றிருத்தல் கூடும் என்பர் ஆராய்ந்தோர். புகழ்பெற்ற ஒருவர் பெயரைப் பின்னாளைய ஆக்கத்தின் மீது ஏற்றிவிடுதல் நம் இலக்கிய வரலாற்றிலும் காணாததன்று. ஸ்டீவ் நிசன் என்னும் அமெரிக்கர் 1991இல் ஆங்கிலத்தில் நூலாக்கிய பின்னரே மேலை நாட்டு வணிகர் இதனைப் பரவலாகக் கைக்கொண்டனர்.

எம்மை இதன்பால் ஈர்த்தவை, உண்மையைச் சொன்னால், பெயர்களே. வீழ்ச்சிக் குறிகளுக்கு அவ்வணிகர் இட்ட பெயர்கள் உள்ளுறை உவமம் போன்று நின்றன. சிறிய உடல் உச்சியிலிருக்க, கீழே நீண்ட நிழல் தொங்கினால் அது தூக்கில் தொங்குபவன். சிறிய உடல் அடியிலிருக்க, மேலே நீண்ட நிழல் எழுந்தால் அது எரிமீன். காலையில் முந்தைய நாளின் உச்சிக்கும் மேலே தொடங்கி, மாலைக்குள் முந்தைய வெள்ளுடலின் பாதிக்கும் கீழே வந்து முடிந்தால் அது கார்மேகம் கவிதல். முந்தைய வெள்ளுடலை முழுவதும் மூடிக்கொள்ளும் கருவுடல், விழுங்கல். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கருவுடல்கள் இறங்கினால் அவை மூன்று காகங்கள்.

இவற்றைச் சோதிடம் எனல் தவறு. எரிமீனின் நீண்ட மேல்நிழல் சொல்வது நடந்து முடிந்த ஒரு செய்தியை: பகலில் வாங்குவோர் விலையை மேலே கொண்டு சென்றனர், மாலைக்குள் விற்போர் அதனை மீண்டும் கீழே தள்ளினர். நெடிய ஏற்றத்தின் உச்சியில் இது நிகழுமாயின், வாங்குவோர் வலி குன்றிற்று என்று ஐயுறலாம். ஏற்றமே இல்லாதவிடத்து அதே வடிவம் தோன்றினால் அதற்குப் பொருளில்லை. திணை அறியாது துறை கூறுவார் தவற்றைப் போன்றதே இடமறியாது குறி கூறுவார் தவறும். குறிகள் பொய்ப்பதும் உண்டு. தாமஸ் புல்கோவ்ஸ்கி என்பார் பல்லாயிரம் வர்த்திகளை எண்ணிப் பார்த்து 2008இல் வெளியிட்ட நூலில், தூக்கில் தொங்குபவன் தோன்றிய பின்னரும் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் விலை ஏறவே செய்தது எனக் காட்டியுள்ளார். அதனாற்றான் ஒரு குறி கண்டால் அடுத்த வர்த்தி அதனை உறுதிசெய்கின்றதா என்று பார்க்கச் சொல்வர். இந்த 'உறுதி' என்னும் சொல்லில்தான் யாம் இடறினோம்.

இனி அந்தி வெள்ளி. மூன்று வர்த்திகள் சேர்ந்தது அது. முதலாவது, ஏற்றத்தில் வரும் வெள்ளுடல். இரண்டாவது, அதற்கும் மேலே ஓர் இடைவெளி விட்டுத் தனியே நிற்கும் சிறிய உடல், அதுவே விண்மீன். மூன்றாவது, முதல் உடலின் ஆழத்திற்கு இறங்கி முடியும் கருவுடல். ஏறுவோர் ஏறினர், தயங்கினர், இறங்கினர் என்னும் கதை மூன்று கட்டங்களில் அமைகின்றது.

எமக்கு இவற்றைக் கற்பித்தவர் வணிகவியல் துறையில் இருந்த மூத்த நண்பர். யாம் அவரை அண்ணாச்சி என்போம். அவர் எம்மைத் தம்பி என்பார். நாள்தோறும் செய்தித்தாளில் வரும் எண்களைப் பார்த்து, வரைபடத்தாள் ஒட்டிய நீண்ட குறிப்பேட்டில் எழுதுகோலால் வர்த்தி வரைவது அவர் வழக்கம். கணிப்பொறியில் ஒரு நொடியில் வருவதைக் கையால் வரைவானேன் என்று கேட்டால், "கை வலித்தால்தான் தம்பி கண்ணுக்குத் தெரியும்" என்பார். யாமும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். சுவடியைப் பெயர்த்தெழுதுவதில் உள்ள அதே அமைதி அதிலும் இருந்தது.

பொழுதுபோக்கு அந்த அளவில் நின்றிருக்கலாம். எம் தமக்கையாரின் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். பணியில் இருக்கும்போதே காலமானார். வந்த தொகையில் நான்கு இலட்சத்தை அக்கா எம்மிடம் தந்தார். "மகள் கல்யாணத்துக்கு இருக்கட்டும் தம்பி. வங்கியில் போடுவாயோ எதில் போடுவாயோ, உனக்குத் தெரியும்" என்றார். 2006 செப்டம்பரில் அதனைப் பங்குகளில் இட்டோம். அக்காவிடம் அதனைக் கூறவில்லை. கேட்கும்போதெல்லாம் வளர்ந்து வருகின்றது என்றோம், அது பொய்யுமன்று.

2007ஆம் ஆண்டு குறிகளை மதியாதிருக்க எம்மைப் பழக்கிய ஆண்டு. ஆகஸ்டில் மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 14,000 வரை சரிந்தது, அஞ்சினோம், மீண்டெழுந்தது. அக்டோபர் 17ஆம் நாள் வெளிநாட்டு முதலீட்டின் மீது கட்டுப்பாடு வரும் என்ற செய்தியால் காலையிலேயே 1,700 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, வணிகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. மாலைக்குள் பெரும்பகுதி மீண்டது. அம்மாத இறுதியில் 20,000ஐயும் தொட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும் குறிப்பேட்டில் கருவர்த்தி வரைந்து, அருகில் ஒரு பெயரும் எழுதி, பின்பு அதனை அடித்துவிட்டோம். அடிக்கும்போது சிறிது செருக்கும் இருந்தது. அக்காவின் நான்கு இலட்சம் ஏறத்தாழ ஏழு இலட்சமாகியிருந்தது.

2008 சனவரி 10. சென்செக்ஸ் அன்று 21,206 புள்ளியைத் தொட்டது; அதற்கு முன் தொடாத உயரம். முடிந்ததோ 20,582இல். உச்சியிலிருந்து 600 புள்ளிகளுக்கு மேல் தாழ்ந்து, முந்தைய நாளின் முடிவிற்கும் கீழே. அன்று மாலை நீண்ட மேல்நிழலை வரைந்தபோது கை சற்றுத் தயங்கியது உண்மை. மறுநாள் 20,827இல் முடிந்தது, தயக்கம் நீங்கிற்று. அந்த வாரத்து வர்த்தி, முந்தைய வாரத்து வெள்ளுடலின் மேலே சிறிய உடலாக அமர்ந்தது.

அடுத்த வாரம் பொங்கல். அக்கா மகளுடன் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். திங்களன்று குறியீட்டெண் 20,728, செவ்வாயன்று, அதாவது பொங்கல் நாளில், 20,251, புதனன்று 19,868, வியாழனன்று 19,700, வெள்ளியன்று 19,013. ஐந்து நாளும் முந்தைய நாளின் முடிவிற்குக் கீழேயே முடிந்தது. மூன்று காகங்கள் போதும் என்பது இலக்கணம், வந்தவை ஐந்து.

வெள்ளி மாலை அண்ணாச்சி வந்தார். இருவர் குறிப்பேடுகளையும் மேசையில் விரித்து வார வர்த்தியை முடித்தோம். வெள்ளுடல், மேலே சிறிய உடல், கீழே நெடிய இறக்கம்.

"தம்பி, இது அந்தி விண்மீன்தானே?" என்றார்.

யாம் உடன்படவில்லை. முதல் உடலுக்கும் இரண்டாம் உடலுக்கும் நடுவே இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது விதி. இங்கு இடைவெளி எங்கே என்று கேட்டோம். முதல் வர்த்தி நெடிதாக இருத்தல் வேண்டும். இது அத்துணை நெடிதன்று என்றோம். அடுத்த வாரத்து வர்த்தியும் கண்ட பின்னரே உறுதி என்றோம். தொல்காப்பிய நூற்பாவிற்கு உரைகாரர் இருவர் பொருளை வைத்துக்கொண்டு வாதிடும் அதே குரலில் வாதிட்டோம். எம் வாதத்தில் பிழையும் இல்லை. குறியீட்டெண் பல பங்குகளின் கூட்டாதலின் அதில் இடைவெளி அரிதாகவே விழும் என்பதை யாம் அறிந்தே இருந்தோம்; அதனை மட்டும் கூறாது விட்டோம்.

அண்ணாச்சி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "நான் நேற்றே பாதியை விற்றுவிட்டேன். நீங்கள் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் தரகரைக் கூப்பிடுங்கள். அது உங்கள் பணம் இல்லை" என்றார்.

அவ்வேளை காப்பி கொண்டுவந்த அக்கா எம் முகங்களைப் பார்த்து, "என்ன தம்பி, ஏதும் கெட்ட செய்தியா?" என்றார். படம் வரைந்துகொண்டிருக்கின்றோம், வேறொன்றுமில்லை என்றோம். அக்கா குறிப்பேட்டைப் பார்த்து, "கோலம் மாதிரி அழகாக இருக்கிறதே" என்று கூறிச் சென்றார்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்றோம். குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்கள் நீர் சொரிகின்றன. ஆட்டுக் குட்டிகள் துள்ளாது சோர்கின்றன. கழுத்து மணிகள் அறுந்து விழுகின்றன. மாதரி இத்தனையும் காண்கின்றாள். வரப்போகும் தீங்கு ஒன்று உண்டு என்றும் உணர்கின்றாள். அவள் குறியைப் பிழைபடப் படித்தாள் எனல் இயலாது. படித்தபின் செய்தது, கறவையும் கன்றும் துயர் நீங்குக எனக் குரவை ஆட மகளிரை அழைத்தது. அவளுக்காவது செய்யத்தக்கது வேறொன்றும் இருந்ததில்லை. எமக்குத் தொலைபேசி கையெட்டும் இடத்தில் இருந்தது.

திங்கட்கிழமை, சனவரி 21. காலையில் தரகரை அழைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் அக்காவைப் பேருந்தேற்றிவிட்டு வந்தபோது சந்தை விழுந்துகொண்டிருந்தது. அன்று ஒரே நாளில் 1,408 புள்ளிகள் வீழ்ந்து 17,605இல் முடிந்தது. செவ்வாய்க் காலையில் மேலும் சரிந்து, வணிகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது, முடிவு 16,729. யாம் கேட்ட உறுதி வந்துவிட்டது. வந்தபோது அதன் விலை நாலாயிரம் புள்ளிகள்.

அதன் பின்னரேனும் விற்றிருக்கலாம். இவ்வளவு விழுந்த பின் விற்பது பேதைமை என்று எமக்கு நாமே உரை எழுதிக்கொண்டோம். வீழ்ச்சியின் நடுவே எழும் ஒவ்வொரு வெள்ளுடலையும் விடியல் என்றோம். விடியலுக்கும் ஜப்பானியரிடம் ஒரு பெயர் உண்டு, காலை விண்மீன் என்று. அதற்கு மட்டும் இடைவெளி இருக்கின்றதா என்று யாம் பார்க்கவில்லை. செப்டம்பரில் அமெரிக்கப் பெருநிறுவனங்கள் சரிந்தன. அக்டோபர் 27 அன்று சென்செக்ஸ் 7,697 வரை தாழ்ந்தது. தை மாதத்தில் திருமணம் என்று நாள் குறித்தாயிற்று. அந்த வாரத்திலேயே அனைத்தையும் விற்றோம். கைக்கு வந்தது 2,30,000 ரூபாய்.

குறிகளுக்குப் பெயரிட்டவர் நாடும் அவற்றால் காக்கப்படவில்லை. டோக்கியோச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பர் 29ஆம் நாள் 38,915இல் முடிந்தது. அம்முடிவை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரி 22ஆம் நாள். இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். ஹொம்மாவின் வழிவந்தோர் எத்தனையோ பேர் அந்த டிசம்பருக்குப் பின் காகங்களைத் தம் தாளில் வரைந்திருப்பர். நம் சென்செக்ஸ் 2010 நவம்பரிலேயே 21,000ஐ மீண்டும் எட்டிவிட்டது. நீண்ட காலம் காத்திருந்தால் சந்தை ஏறும் என்பார்க்கு அது சான்றாகலாம். 2009 தையில் நடக்கவேண்டிய திருமணத்திற்கு அதனால் பயனில்லை.

குறைந்த தொகையை எம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெற்று நிரப்பினோம். நான்கு இலட்சமும் அதற்குமேல் வங்கி வட்டி கணக்கிட்ட தொகையும் அக்காவிடம் சேர்ந்தன. திருமணம் இனிதே முடிந்தது. பந்தி முடிந்த பிற்பகலில் அக்கா எம்மைத் தனியே அழைத்து, "பொங்கலுக்கு வந்தபோதே உன் முகத்தில் தெரிந்தது. கேட்டால் நீ சங்கடப்படுவாய் என்று விட்டுவிட்டேன்" என்றார். நான்கு எண்களை வைத்து ஒரு நாளின் கதையைப் படிக்கத் தெரிந்த யாம், அவர் ஓராண்டாக எம்மைப் படித்துவந்ததை அறியவில்லை.

மாணவரின் வினாவிற்கு வருவோம். பங்குகளின் வருங்கால விலை மீது ஒப்பந்தம் வாங்கி விற்கும் வணிகத்தில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழந்தனர் எனப் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமாகிய செபி 2024இல் அறிவித்தது. அவர்களுள் பலர் காகங்களையும் கார்மேகத்தையும் எம்மினும் நன்கு அறிந்தவராகவே இருப்பர். இந்த எண்ணைக் கூறினால் மாணவர் தலையசைப்பார். பிறகு தம்மை எஞ்சிய ஏழில் வைத்துக்கொள்வார். யாமும் அவ்வாறே செய்திருப்போம். ஆகவே அவரைத் துறைக்கு அழைத்து, பழைய குறிப்பேட்டை எடுத்துக் காட்டினோம்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் 2008 சனவரியில் நின்றார். வார வர்த்திகள் மூன்றையும் விரலால் தொட்டார். அவற்றின் அருகே எம் கையெழுத்தில் 'அந்தி வெள்ளி?' என்று இருந்தது. அண்ணாச்சி வாதத்தில் ஓய்ந்து விடைபெற்றுச் சென்ற பின், அன்றிரவு யாம் எழுதியது.

"ஐயா, சரியாகத்தானே எழுதியிருக்கிறீர்கள். பிறகு எதற்கு இந்த வினாக்குறி?" என்றார் மாணவர்.

கையிருப்பு யாருடையது, அதனை என்று திருப்பித் தரவேண்டும் என்னும் இரண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதி வருமாறு அவரிடம் கூறினோம். அவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சந்தை மூட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.